களை மீன் என்னும் பழிச்சொல்

மருதத் திணைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு வினா எழுப்புவது என் வழக்கம். "உங்களுக்குத் தெரிந்த நன்னீர் மீன்களின் பெயர்களைக் கூறுங்கள்" என்பதே அவ்வினா. அண்மையில் அவ்வாறு வினவியபோது வகுப்பு ஏறத்தாழ ஒரே குரலில் விடையிறுத்தது: ஜிலேபி, கட்லா, ரோகு, புல்கெண்டை. கண்மாய்க்கரைச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் மட்டும் தயங்கி எழுந்து, "ஐயா, ஆரல், குறவை, அயிரை என்று எங்கள் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஆரலை நான் பார்த்ததில்லை" என்றார்.

அவ்விடை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஜிலேபி ஆப்பிரிக்க மண்ணுக்குரியது. கட்லாவும் ரோகுவும் கங்கை முதலான வடபுல ஆறுகளின் செல்வங்கள். புல்கெண்டை சீனத்து ஆறுகளைத் தாயகமாகக் கொண்டது. வகுப்பு கூறிய நான்கு மீன்களுள் ஒன்றேனும் காவிரிக்கோ வைகைக்கோ தாமிரபரணிக்கோ பிறப்புரிமை உடையதன்று. மாணவர்களைக் குறைகூற இதில் ஏதுமில்லை. அங்காடியில் கண்டதை அவர்கள் சொன்னார்கள். சங்கச் சான்றோர் பாடிய வயல்களில் வாளையும் விராலும் கெண்டையும் ஆரலும் துள்ளின. பாண்டியர் தம் கொடியிலேயே கயலைப் பொறித்தனர். இன்றும் நாம் பெண் மக்களுக்குக் கயல்விழி என்று பெயரிட்டு மகிழ்கின்றோம். பெயர் வீட்டில் வாழ்கின்றது. மீனோ நீரில் அருகி வருகின்றது.

இவ்விழப்புக்குக் காரணங்கள் பல. அணைகள், மணற்கொள்ளை, ஆலைக் கழிவு, பூச்சிக்கொல்லி, வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடுமை ஆகியவற்றை நாம் அடிக்கடி பேசுகின்றோம். பேசத் தயங்கும் காரணம் ஒன்றுண்டு. அதுவே நன்னீர் மீன் வளர்ப்பு. உணவு தரும் தொழிலைக் குறை கூறலாமோ என்னும் தயக்கம் இயல்பானதே. எனினும் அத்தொழில் நிலைத்து வாழவேண்டும் என்னும் அக்கறையினாலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பண்ணை தந்த பயன்

முதற்கண் நன்றி கூறவேண்டிய இடத்தில் நன்றி கூறுவோம். முன்னாளில் குளத்தில் மீன் வளர்க்க விரும்பியோர், மழைக்காலத்தில் ஆறுகளில் மிதந்து வரும் முட்டைகளையும் குஞ்சுகளையும் வலைகொண்டு அள்ளி வந்தனர். அதனால் ஆற்றின் அடுத்த தலைமுறையே அள்ளப்பட்டது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசா மாநிலத்து அங்குலில், அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி பெருங்கெண்டை மீன்களைச் சுரப்புநீர் ஊசியின் துணையால் இனப்பெருக்கம் செய்வித்தார். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பொரிப்பகங்கள் பெருகின, ஆற்றுக் குஞ்சுகளை நம்பியிருந்த நிலை மாறிற்று.

விளைவு வியக்கத்தக்கது. 2022-23-ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி ஏறத்தாழ 175 இலட்சம் டன். அதில் 131 இலட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளில் விளைந்தது. ஏழை எளியோரின் தட்டில் ஒரு துண்டு மீன் விழுவதற்கு இவ்வளர்ச்சி துணை நின்றது. இதனை மறுப்போர் நன்றி மறந்தோரே ஆவர்.

சொல்லில் தொடங்கிய தீங்கு

ஆயினும் இத்தொழிலின் கையேடுகளைப் புரட்டினால் தமிழ் பயின்றோர் மனத்தைத் தைக்கும் சொல் ஒன்று கண்ணில் படும். 'களை மீன்' என்பதே அது. குஞ்சுகளை இருப்புச் செய்வதற்கு முன் குளத்தில் உள்ள 'களை மீன்களையும் கொன்றுண்ணி மீன்களையும்' முற்றிலும் ஒழித்தல் வேண்டும் என்பது முதற்பாடம். நீரை வடித்துக் குளத்தைக் காயவிட இயலாதபோது, ஹெக்டேருக்கு 2,500 கிலோ அளவில் இலுப்பைப் பிண்ணாக்கு இடப்படுகின்றது. அதிலுள்ள நஞ்சு மீன்களின் குருதியைத் தாக்கிக் கொல்லும். சில வாரங்களில் நஞ்சு தணிந்து பிண்ணாக்கு உரமாகும். தொழில் நோக்கில் இது திறமான ஏற்பாடு.

களை என்று பட்டியலிடப்படுவன யாவை? கெண்டை, அயிரை, உளுவை போன்ற சிறு மீன்கள். கொன்றுண்ணி என்று தள்ளப்படுவன யாவை? விரால், குறவை, வாளை. நம் இலக்கியம் பாடிய மீன்களெல்லாம் அப்பட்டியலில் உள்ளன. விதைத்தவன் விரும்பாத செடி களை எனப்படும். ஆனால் இம்மீன்கள் அக்குளத்தில் எவரும் விதைக்காமலே பன்னூறு ஆண்டுகளாக வாழ்ந்தவை. வந்தேறியைப் பயிர் என்றும் மண்ணின் மைந்தனைக் களை என்றும் அழைப்பது சொற்பிழை மட்டுமன்று. முறைபிறழ்ந்த நோக்கின் வெளிப்பாடாகும்.

தனியார் தோண்டிய பண்ணைக்குட்டையில் இது நிகழ்ந்தால் இழப்பு சிறிது. ஊர்ப் பொதுக்கண்மாயை மீன்பாசி ஏலத்தில் எடுத்தவரும் இப்பாடத்தையே பின்பற்றினால் இழப்பு பெரிது. கண்மாய் ஒரு தொட்டியன்று. வரத்துக்கால் வழியே ஆற்றோடும், கலுங்கு வழியே அடுத்த கண்மாயோடும் அது பிணைந்துள்ளது. மழைக்காலத்தில் ஆற்று மீன் ஏறி வந்து முட்டையிடும் தாய்வீடும் அதுவே. ஒரு கண்மாயில் களையென்று ஒழித்தவை ஒரு தொடரின் கண்ணிகள்.

கரையைத் தாண்டிய மீன்கள்

பண்ணைக்குள் நிகழ்வது ஒருபுறமிருக்க, பண்ணையிலிருந்து வெளியேறுவது மறுபுறம். "என் குளத்து மீன் என் குளத்தில்தானே இருக்கிறது" என்று பண்ணையார் கூறலாம். வெள்ளத்திற்கு அந்த வரப்பு தெரியாது.

1971-ஆம் ஆண்டு இமாச்சலப் பிரதேசத்தில் பெருமழையால் தியோலி மீன் பண்ணை வெள்ளத்தில் மூழ்கிற்று. அங்கிருந்த சீனத்து வெள்ளிக்கெண்டைகள் பக்ரா அணையின் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தை அடைந்தன. அங்கே அவை தாமாகவே இனம் பெருக்கின. நாளடைவில் அந்நீர்த்தேக்கத்தின் மீன்பிடிப்பில் வெள்ளிக்கெண்டையே பெரும்பங்கு வகித்தது. அதே நுண்ணுயிர் உணவை நம்பியிருந்த கட்லா தேய்ந்து போயிற்று. ஒரு நாள் வெள்ளம் ஒரு நீர்த்தேக்கத்தின் முகத்தையே மாற்றியமைத்தது.

நம் ஊர் ஜிலேபி மீனின் கதை அனைவரும் அறிந்ததே. 1952-ஆம் ஆண்டு உணவுப் பற்றாக்குறைக்கு மருந்தாக இது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு மூன்று திங்களில் இனப்பெருக்கத்திற்கு உரிய பருவம் எய்துவது. ஆண்டில் பன்முறை முட்டையிடுவது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் தன் வாயிலேயே வைத்துக் காப்பது. இத்தகைய மீன் குளத்தில் அடங்குமோ? இன்று அது இல்லாத ஏரி அரிது. உலகின் மிகத் தீய 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இம்மீனும் இடம்பெற்றுள்ளது.

இங்கு ஒரு விந்தையைக் குறிப்பிடுதல் தகும். நம் நாட்டில் ஊடுருவியாகத் திகழும் அதே மொசாம்பிக் ஜிலேபி, தன் தாயகமான தென்னாப்பிரிக்க ஆறுகளில் இன்று அழியும் வாய்ப்புள்ள இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. வளர்ப்பிற்கென அங்குக் கொண்டுவரப்பட்ட நைல் ஜிலேபி ஆற்றில் கலந்து, அதனோடு கூடிக் கலப்பினம் ஈன்று, தூய இனத்தைக் கரைத்து வருகின்றது. ஆகவே எந்த மீனும் பிறவியில் தீயதன்று. இடம் மாறிய மீனே இன்னல் விளைப்பது. அதனை இடம் மாற்றியவர்கள் மனிதர்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் செய்தி இன்னும் கவலை தருவது. 1990-களில் முறையான ஒப்புதலின்றி நாட்டினுள் நுழைந்த இம்மீன், காற்றைச் சுவாசித்து உயிர் வாழவல்லது. ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலையை எட்டவல்லது. ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரவல்லது. கிடைத்த உயிரையெல்லாம் உண்ணும். இறைச்சிக் கழிவையும் கோழிக் கழிவையும் கொட்டி இதனை வளர்ப்போர் உளர். அக்கழிவு நீரையும் நாறச் செய்கின்றது. 2000-ஆம் ஆண்டிலேயே இதன் வளர்ப்பு தடை செய்யப்பட்டது; 2019-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதனை அழிக்க ஆணையிட்டது. ஆயினும் 'தேளி' என்னும் நாட்டு மீனின் பெயரைப் பூண்டு இது அங்காடிக்கு வருகின்றது. சட்டம் தடுத்ததைப் பெயர் மறைக்கின்றது.

2018-ஆம் ஆண்டு கேரளப் பெருவெள்ளத்திற்குப் பின்னர், தென்னமெரிக்காவின் அரபைமா முதலான அயல் மீன்கள் அம்மாநிலத்து ஆறுகளில் மீனவர் வலைகளில் சிக்கின. அவை பண்ணைகளிலிருந்தும் வளர்ப்புத் தொட்டிகளிலிருந்தும் தப்பியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகள் உலகில் வேறெங்கும் காணவியலாத மீன்கள் பலவற்றின் இல்லம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

பேராசையே இத்தீங்குகளுக்கு வேர் என்று முடிவு கட்டுவதற்கில்லை. நல்லெண்ணத்துடன் செய்த செயலும் அறிவு துணைநில்லாவிடில் தீதாய் முடியும் என்பதற்குக் காவிரியே சான்று.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழ்வது திமில் மகசீர். கெண்டைக் குடும்பத்தின் பேருருவம் அது. 1946-ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. மகசீர் குறைந்து வருவது கண்டு, மராட்டிய மாநிலத்து லோனாவாலாவில் பொரிப்பகம் ஒன்றில் குஞ்சுகள் உருவாக்கப்பட்டு நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலத்துடுப்பு மகசீர் என்னும் வேற்றினம். மகசீரைக் காக்க மகசீரை விட்டோம் என்று அனைவரும் மகிழ்ந்திருந்தனர். காவிரியில் நீலத்துடுப்பு பெருகப் பெருகத் திமில் மகசீர் மறைந்து வந்தது. அதற்குரிய சரியான அறிவியற் பெயர் உறுதியானதே 2018-ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. யாரென்று அறிந்துகொண்டபோது அவர் மரணப் படுக்கையில் இருந்தார் என்பது போன்றதன்றோ இது?

கண்ணுக்குத் தெரியாத இழப்புகள்

தப்பிய மீன் கண்ணுக்குத் தெரியும்; தெரியாத தீங்குகளும் உண்டு. சில தாய் மீன்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொரிப்பகங்களில் உறவுக் கலப்பு மிகுகின்றது. ஒரே தொட்டியில் பல இனங்களை இனப்பெருக்கத்திற்கு விடுமிடத்துக் கலப்பினக் குஞ்சுகள் தோன்றுகின்றன. இவை ஆற்றை அடைந்து அங்குள்ள மீன்களோடு கூடும்போது, அந்த ஆற்றின் வெயிலுக்கும் வெள்ளத்திற்கும் ஏற்ப நெடுங்காலமாகச் செதுக்கப்பட்ட இயல்புகள் நீர்த்துப் போகின்றன.

நோயும் அவ்வாறே. 1988-ஆம் ஆண்டு வடகிழக்கு மாநிலங்களில் தோன்றிய மீன் புண்நோய், சில ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவி விராலையும் கெண்டையையும் கடுமையாகத் தாக்கிற்று. பண்ணைகளே அதனைத் தோற்றுவித்தன என்று கூற வரவில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர், மாநிலம்விட்டு மாநிலம் உயிர்மீன் செல்லும்போது நோயும் உடன் செல்லும் என்பதை எவரும் மறுக்க இயலாது.

இனி, இடம் பற்றிய இழப்பு. கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களுக்கிடையே உள்ள கொல்லேறு ஏரி நாட்டின் பெரிய நன்னீர் ஏரிகளுள் ஒன்று. அதன் படுகையிலேயே கரை எழுப்பி மீன்குளங்கள் பல்கின. ஏரி சுருங்கிற்று; நீரோட்டம் தடைபட்டது; தீவனமும் எருவும் கலந்த நீர் எஞ்சிய ஏரியை மாசுபடுத்திற்று. இறுதியில் 2006-ஆம் ஆண்டு அரசே அக்கரைகளை உடைத்து அகற்ற நேர்ந்தது. மீன் வளர்ப்பதற்காக மீன்களின் வீட்டையே பறித்த கதை இது.

மறுப்பும் விடையும்

"மக்கள் தொகை பெருகியுள்ளது, அயிரையையும் குறவையையும் நம்பி நாட்டிற்கு உணவளிக்க இயலுமா?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி. இதற்கு விடை வங்காள தேசத்திலிருந்து கிடைத்துள்ளது.

அங்கும் 'மோலா' என்னும் விரல் நீளச் சிறுமீன் களையென்றே கருதப்பட்டு நஞ்சிட்டுக் கொல்லப்பட்டு வந்தது. ஊட்டச்சத்து அறிஞர் சகுந்தலா தில்ஸ்டெட் அம்மையார் அம்மீனை ஆராய்ந்தார். தலையோடும் முள்ளோடும் முழுதாக உண்ணப்படும் அச்சிறுமீனில் சுண்ணாம்புச் சத்தும் பார்வைக்குரிய ஏ உயிர்ச்சத்தும் மிகுந்திருப்பதை அவர்தம் ஆய்வுகள் காட்டின. அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. பெருங்கெண்டைக் குளத்தில் மோலாவையும் சேர்த்து வளர்த்தபோது கெண்டையின் விளைச்சல் குறையவில்லை. உழவர் பெரிய மீனை விற்றனர். சிறிய மீனை வீட்டுக் குழந்தைகள் உண்டனர். 2021-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. களையென்று கொன்றது மருந்தாக இருந்தது என்பதை உலகம் அன்று ஒப்புக்கொண்டது.

ஏழைக்கு உணவு என்னும் பெயரில் பேசுவோர் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். பண்ணை மீனை வாங்கப் பணம் வேண்டும். கண்மாய் வற்றும் கோடையில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாவும் வலையும் ஏந்தி இறங்குவோர்க்குப் பணம் வேண்டியதில்லை. சாதி சமய வேறுபாடின்றி ஊரே இறங்கும். பிடித்தவர் வீட்டில் அன்று மீன் மணக்கும். நாட்டு மீன் என்பது ஏழையின் பெயரில் எழுதப்படாத சொத்து. அது அழிந்தால் பத்திரமில்லாமல் ஒரு சொத்து பறிபோகும். வழக்குத் தொடுக்கவும் ஆளிருக்காது.

செய்யத்தக்கவை

மீன் வளர்ப்பை நிறுத்துக என்று கூறுவது அறிவுடைமையாகாது. வளர்ப்பை வரம்புக்குள் நிறுத்துக என்பதே நம் வேண்டுகோள். பண்ணைக் குளத்தின் கரை, பெருவெள்ள மட்டத்திற்கு மேலே உயர்ந்திருத்தல் வேண்டும். நீர் புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் நுண்வலை இட்டிருத்தல் வேண்டும். ஆற்றின் வெள்ளப் படுகையிலும் ஏரியின் உட்புறத்திலும் அயல் மீன் வளர்க்க இசைவு தருதல் கூடாது. கடலோர உவர்நீர்ப் பண்ணைகளை முறைப்படுத்த 2005-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டமும் ஆணையமும் ஏற்பட்டன. அதே விழிப்பு நன்னீர்ப் பண்ணைகள் மீதும் திரும்புதல் வேண்டும்.

விரால், கெளுத்தி, சேல்கெண்டை போன்ற நாட்டு மீன்களை வளர்ப்போர்க்கு ஊக்கம் அளித்தல் நன்று. ஆறுகளில் நாட்டு மீன்குஞ்சுகளை விடும் முயற்சிகள் பாராட்டுக்குரியன. ஆயினும் எந்த ஆற்றில் விடுகிறோமோ அந்த ஆற்றுத் தாய்மீனின் குஞ்சையே விடவேண்டும். திமில் மகசீர் நமக்குக் கற்பித்த பாடம் அது.

ஊர்ப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்மாய் மீன்பாசி ஏலம் விடும்போது, நஞ்சிட்டு நாட்டு மீனை ஒழித்தல் ஆகாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடுதல் ஆகாது என்னும் இரு நிபந்தனைகளை நிறைவேற்றித் தர வற்புறுத்துங்கள். ஊர் ஒன்றுபட்டுச் சொன்னால் குத்தகைதாரர் கேட்பார். அங்காடியில் அளவுக்கு மீறிப் பருத்த 'தேளி'யைக் கண்டால் வாங்க மறுத்திடுங்கள். வாங்குவோர் இல்லையெனில் வளர்ப்போரும் இலர்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு பணி உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், ஒவ்வோர் ஊரின் உயிர்வளத்தையும் மக்களே பதிவேட்டில் எழுத வழிசெய்துள்ளது. விடுமுறையில் ஊர் செல்லும்போது முதியவர்களிடமும் மீன் பிடிப்போரிடமும் அமர்ந்து, உங்கள் கண்மாயில் முன்பு இருந்த மீன்கள் யாவை, இன்று இருப்பன யாவை என்று கேட்டு எழுதுங்கள். விலங்கியல் துறை மாணவர் மீனை இனங்காணட்டும். தமிழ்த்துறை மாணவர் அதன் பெயரை இனங்காணட்டும். இரு துறையும் கைகோத்தால் நல்லதோர் ஆவணம் உருவாகும்.

இத்துறையில் பணியாற்றும் எனக்கு ஒரு கவலை உண்டு. நாளை மருதப் பாடலை நடத்தும் ஆசிரியர் 'ஆரல்' என்னும் சொல்லுக்கு 'ஒரு வகை மீன்' என்று மட்டும் பொருள் கூறிக் கடந்து செல்லும் நிலை வரலாகாது. அகராதியில் மட்டும் வாழும் மீன் நீந்தாது. அச்சொல்லுக்குரிய உயிர் நம் கண்மாயில் நீந்தவேண்டுமாயின், முதலில் 'களை மீன்' என்னும் சொல்லை நம் நாவிலிருந்தும் நம் கையேடுகளிலிருந்தும் களைந்தெறிவோம். களையப்பட வேண்டியது அச்சொல்லே, அம்மீன்கள் அல்ல.